அம்புக்குறி அக்கா பரீட்சை எழுதிய கதை

திருப்பூரில் குறையில்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபித்தவர் அம்புக்குறி அக்கா. பனியன், சுவர், டவுன் பஸ், பூசாரி, பிரின்சிபால் என்று அவர் எதையும் விட்டு வைத்ததில்லை.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும், அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்ட்டருக்குப் போகும். டெய்லர் சரிசெய்து திருப்பிக் கொடுப்பார். இதையே வருஷக் கணக்காகச் செய்ததில், அக்காவின் வலது கை மூளையைக் கேட்காமலே ஒட்டப் பழகிவிட்டது.

நான் அப்போது டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு, இரண்டாயிரத்துகளின் நடுவில் ஊரில் புதிதாகத் தொடங்கிய ஒரு சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குத் தொழிற்பயிற்சி, கூடவே தமிழ், ஆங்கிலம், கணக்கு. தேறினால் பள்ளிப் படிப்புக்குச் சமமான சான்றிதழ்.

முதல் நாள் மாலை, கம்பெனி விட்டு நேராக வகுப்புக்குப் படிக்க வந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றபடியே என் துப்பட்டாவில் ஓர் அம்பை ஒட்டினார். "இந்த எடத்துல ஓரம் பிரிஞ்சிருக்குதுங்க. நாளைக்கு வரும்போது தெச்சுப் போட்டுட்டு வாங்க கண்ணு."

அன்று நான் நடத்த வந்த பாடம், தரக் கட்டுப்பாடு.

அந்த வாரத்துக்குள் கரும்பலகையின் விரிசல், மின்விசிறியின் வளைந்த இறக்கை, பிரின்சிபாலின் பேண்ட் மடிப்பு எல்லாவற்றிலும் அம்பு. பேண்டில் ஒட்டியதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அதோடு ஒரு மீட்டிங்குக்குப் போய் வந்தார். வகுப்பில் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போனபோது, மணமகளின் பட்டுச்சேலையில் ஜரிகை பிசிறியிருப்பது அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. தாலி கட்டும் நேரத்து போட்டோவைப் பெரிதாக்கி அந்த வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். மணமகளின் தோளில் அம்பு. அது மாப்பிள்ளையைக் காட்டுகிறது.

'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். அக்கா எழுதியது: "என் கணவர் நல்ல துணி. ஃபினிஷிங் சரியில்லை. துவைத்தால் சுருங்குவார்."

வகுப்பில் அவர் உட்காரவே மாட்டார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டே எழுதுவார். செக்கிங் வேலையே நாளெல்லாம் நின்று செய்வதுதான். அவருடைய கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு பச்சைக் கயிறு மாதிரி கிடந்தன.

"உக்காருங்கக்கா" என்றேன் ஒரு நாள்.

"உக்காந்தா தூக்கம் வந்துருமுங்க மிஸ். உக்கார்றதுக்குத்தானுங்களே படிக்க வந்ததே!"

விஷயம் இதுதான். அவர் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கே ஒரே ஒரு நாற்காலி. அது இன்சார்ஜுக்கு. இருந்த இன்சார்ஜ் வேலையை விட்டுப் போய்விட்டார். அக்காவுக்கே தரலாம் என்று மேனேஜருக்கும் எண்ணம். ஆனால், இன்சார்ஜ் என்றால் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்று, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டார். தீபாவளி வரைக்கும் பொறுப்போம், அதற்குள் கொண்டு வந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள்.

"டாக்டரு நிக்காதேங்கறாரு, கம்பெனி உக்காராதேங்குது. நடுவுல நீங்கதானுங்க மிஸ்" என்றார்.

அதற்கப்புறம் நான் அவரை விடவில்லை. தமிழ் தேறிவிடும், ஆங்கிலம் தட்டித் தடவித் தேறிவிடும், கணக்குத்தான் பயம் என்று தரம் பிரித்துக்கொண்டு, கணக்கிலேயே மாதக் கணக்கில் உழைத்தோம். அக்காவும் சளைக்கவில்லை.

பரீட்சை அன்று பாடம் எடுத்த எங்களுக்கு ஹாலுக்குள் அனுமதி இல்லை. வெளியிலிருந்து வந்த சூப்பர்வைசர் அம்மாள், இந்தப் பெண் ஏன் நின்றுகொண்டே எழுதுகிறாள் என்ற ஆராய்ச்சியிலேயே இருந்ததால், அக்காவின் கையைக் கவனிக்கவில்லை.

விடைத்தாள் திருத்தக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் பிரின்சிபால் என் வகுப்புக்கு ஓடி வந்தார்.

"உங்க அம்புக்குறி என்ன பண்ணி வெச்சிருக்குதுன்னு வந்து பாருங்க!"

அக்காவின் கணக்குத்தாள் மேசையில் கிடந்தது. அதில் வரிசையாகச் சிவப்பு அம்புகள். விடைத்தாளில் எழுத்தைத் தவிர வேறு அடையாளம் எது இருந்தாலும் செல்லாது என்பது விதி.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

"இதை ஒட்டினது யாரும்மா?" என்றார் பெரியவர்.

"நான்தானுங்க சாமி. சந்தேகமா இருந்த எடத்துல எல்லாம் ஒட்டுனனுங்க. திருப்பி அனுப்புனீங்கன்னா சரிபண்ணிக் குடுத்துருவனுங்க."

"பரீட்சைத் தாள் திரும்பி வராதும்மா."

அக்கா நிஜமாகவே அதிர்ந்து போனார். "ஏனுங்க, டேமேஜ்னு தெரிஞ்சும் அப்படியே வெளிய அனுப்பிருவீங்களா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீஸ்ல பிட்டு வெச்ச தாளைப் பாத்திருக்கேன், திருநீறு பூசின தாளைப் பாத்திருக்கேன். தன் தப்பைத் தானே காட்டிக் குடுக்கற தாளை இப்பத்தான் பாக்கறேன். அதுலயும் பாருங்க, அம்பு ஒட்டினதெல்லாம் சரியான விடை. ஒட்டாததுலதான் தப்பு!"

ஆனாலும் விதி விதிதான். கணக்குத்தாள் ரத்து. ஆவணியில் அடுத்த பேட்ச்சோடு மறுபடி எழுதலாம் என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பிரின்சிபாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா மட்டும் தெளிவாக இருந்தார். "ஆல்ட்டருக்கு வந்துருச்சு, அவ்வளவுதானுங்களே? இதுக்கெதுக்கு மிஸ் அழுவறீங்க? வராம வெளிய போயிர்ற பீஸுக்குத்தானுங்க பயப்படணும்."

ஆவணிப் பரீட்சைக்கு நான் வாசலிலேயே நின்று அக்காவைச் சோதனை போட்டேன். மணிபர்சிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பட்டை, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பட்டை, சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கு அடியிலிருந்து ஒரு பட்டை. ஜவுளிக்கடையில் திருடியவரைப் பிடித்த மாதிரி ஊரே வேடிக்கை பார்த்தது.

"கை வெறுங்கையா இருக்குதுங்க மிஸ்" என்றார் அக்கா, பரிதாபமாக. "தப்புப் பண்ணுனா எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுங்கக்கா. எங்களுக்கும் அப்படித்தான்."

கணக்கில் மயிரிழையில் தேறினார். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சான்றிதழ் வந்தது. இன்சார்ஜ் வேலையும் வந்தது. முதல் நாள் நான் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கம்பெனிக்கே இழுத்துப் போனார்.

செக்கிங் பெண்கள் எல்லோரும் கையிலிருந்த பீஸை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். காலை நீட்டினார்.

பிறகு மேசைப் பக்கம் எக்கிப் பார்த்தார்.

"மிஸ், இங்க உக்காந்தா பீஸே தெரிய மாட்டேங்குதுங்க!" என்று எழுந்து, மேசைக்குப் போய்விட்டார்.

இப்போது எனக்கே சொந்தமாக ஒரு நாற்காலி இருக்கிறது, சுழலும் நாற்காலி. அதில் சாயும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்.

அன்று நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் அக்கா.