பெரிய மாமா வந்துட்டார்

மரியாதைக்குரிய மூத்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் வணங்கிச் சொல்லிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தங்கையும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. எனக்கு எழுத்து தெரியாதது நீங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் கோபத்தில் சொல்வதை அவள் மரியாதையாக மாற்றிப் போடுகிறாள். ஆகவே எங்கே மரியாதை கூடுதலாகத் தெரிகிறதோ, அங்கே எனக்குக் கோபம் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் சைரன். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கூட்டம் போட்டே ஆளைக் கொன்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்: லிஃப்டில் ஏறாதே, வாளியில் மணல் வை, எதிர்த் திடலுக்கு ஓடு. கூட்டம் முடிந்த பிறகு அந்தப் பெருந்தகைக்கு இன்னொரு யோசனை உதித்திருக்கிறது. 'தீ' என்று கத்தினால் ஜனங்கள் பதறுவார்களாம். அதனால் 'பெரிய மாமா வந்துட்டார்' என்று சொல்ல வேண்டுமாம். வெறும் புகை என்றால் சின்ன மாமா. மாமா வந்தால் யாரும் பதற மாட்டார்கள் என்று நினைத்தவருக்கு மாமாவே கிடையாது போலும். இதை எல்லோருக்கும் செல்போனில் எழுதி அனுப்பினாராம். எனக்கு எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? மகனும் மருமகளும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. (எழுதும்மா, எழுது, நடந்ததுதானே.)

தங்கையின் கண் ஆபரேஷனுக்குத் துணையிருக்க நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கியதைப் பால்கனியிலிருந்து முதலில் பார்த்தவன் நான்தான், வீட்டுக்குள்ளே உங்கள் மருமகனுக்குக் கேட்கட்டும் என்று சந்தோஷத்தில் "பெரிய மாமா வந்துட்டார்!" என்று ஒரு சத்தம் போட்டேன், அவ்வளவுதான், பல் டாக்டர் வாயில் பஞ்சு வைத்த நோயாளியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார், தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடுகிறார், அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கினபடியே பின்னால் ஓடுகிறார், யாரோ மெயின் சுவிட்சை அணைக்க, லிஃப்டில் ஏறாதே என்று சொன்ன சைரனே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறார். நீங்களோ படியேறிக்கொண்டிருந்தீர்கள்.

"மாமா எந்த மாடியில இருக்கார்?"

"முதல் மாடி தாண்டிட்டார், வேகமா ஏறிட்டிருக்கார்!"

"உள்ளே வச்சுக் கதவைச் சாத்துங்கய்யா, காத்துப் பட்டா அடங்கவே மாட்டார்!"

இதெல்லாம் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. வாட்ச்மேன் வேறு, கையில் கிடைத்த தீயணைப்புக் குழாயை முதல்முறையாக அமுக்கிப் பார்த்து உங்கள் வெள்ளைச் சட்டை முழுக்க நுரையாக்கிவிட்டான். நீங்கள் சொன்னதும் எனக்கு அட்சரம் மறக்கவில்லை. "மாப்ள, என் மூஞ்சியைப் பார்த்து ஒரு கட்டடமே ஓடுது. அத்தனை பேரும் வாசலுக்கு வந்து கூப்பிட்டாத்தான் இனி வருவேன்." வந்த வண்டியிலேயே போய்விட்டீர்கள். எங்கள் கல்யாணத்திலும் நாற்காலிக் கால் ஆடியதற்கு இப்படித்தான் கிளம்பினீர்கள். அந்த நாற்காலியை ஆட்டிவிட்டது உங்கள் சித்தப்பா மகன், நான் அல்ல.

உங்கள் தங்கை, "அண்ணன் பக்கத்துல இல்லாம என் கண்ணைத் தொட விடமாட்டேன்" என்கிறாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். டாக்டரோ தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்கிறார். நான் வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சிவிட்டேன். அடுத்த தடவை 'பெரிய மாமா' என்று என் குரல் கேட்டதும், மொத்தப் பேரும் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்து உங்களை அழைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பி வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். உங்கள் சட்டை துவைத்த பிறகு வெள்ளையாகியிருக்கும் என்று நம்பும்,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது கீழே மீட்டர் பெட்டி நிஜமாகவே பற்றிக்கொண்டது. இப்போதுதான் எனக்குத் திட்டம் தெரியுமே, முறைப்படி "பெரிய மாமா வந்துட்டார்!" என்றேன். எல்லோரும் தலைசீவி, சட்டை மாற்றி, ஆடி அசைந்து படியிறங்கினார்கள். சைரன் கையில் தேநீர்த் தட்டு. "மாமா எங்கே?" என்கிறார். "அதோ எரியறார்!" என்கிறேன். கடைசியில் உங்கள் தங்கைதான் வாயைத் திறந்து "தீடா! ஓடுங்கடா!" என்றாள். ஒரு நொடியில் கட்டடம் காலி. வாட்ச்மேன் மணல் போட்டு அணைத்தான். இனி தீ என்றால் தீதான், மாமா என்று யார் கத்தினாலும் ஒருவரும் கதவைத் திறக்கக்கூடாது என்று சங்கம் முடிவெடுத்துவிட்டது. ஆகவே மேலே சொன்ன வரவேற்பு ரத்து. ஆனாலும் தங்கை கண்ணுக்காக நீங்கள் வந்தே ஆகவேண்டும். அத்தனை பேரும் வாசலுக்கு வர வேண்டும், அவ்வளவுதானே? வண்டியை விட்டு இறங்கியதும் 'தீ' என்று ஒரு சத்தம் போடுங்கள்.