மச்சாளை அகலமாக்கிய டிவிடி

எனக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று மெல்பேர்ண் தமிழர்களிடையே ஒரு காலத்தில் ஒரு கதை உலவியது. அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான்தான் என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் பாதரின் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். பின்னால் வயர் கழன்று கிடந்தது. செருகிவிட்டேன். ஆனால் செருகுவதற்கு முன்னால் பத்து நிமிடம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அந்தப் பத்து நிமிடம்தான் என்னை இஞ்சினியர் ஆக்கியது.

அதன்பிறகு எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டில் இருந்த ஒரேயொரு கொம்பியூட்டரை என் மனைவி ஸ்டெல்லா தூசி தட்டவும் விடமாட்டேன். (உள்ளே என்ன இருந்தது? ஒரு சீட்டாட்டம், ஒரு காலண்டர். அவ்வளவுதான்.)

ஸ்டெல்லா என்னைக் கட்டி மெல்பேர்ண் கிரெய்கிபர்னுக்கு வந்து அப்போது ஆறு வருடம். தாய், தமையன், தங்கச்சி எல்லோரும் ரொறன்ரோவில். இங்கே அவளுக்குச் சொந்தம் என்று நான் மட்டும்தான். "சண்டை பிடிக்கக்கூட எனக்கு இஞ்சை உங்களை விட்டா ஆளில்லை," என்று ஒருநாள் சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதனால் தங்கச்சி ஜெசிந்தாவுக்கு மெல்பேர்ணிலேயே ஒரு மாப்பிள்ளை சரிவந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வந்தது. ஸ்பிரிங்வேலில் இருந்த பிலோமினா அன்ரியின் ஒரே மகன் றொபின். மன்னார்ப் பக்கத்து ஆட்கள், நல்ல குடும்பம், பெடியனுக்கு நல்ல வேலை. ஜெசியின் பாஸ்போட் படத்தை அன்ரியிடம் காட்டினோம். அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். படத்தில் எல்லாப் பிள்ளையும் வடிவுதான், நடக்கிறதையும் கதைக்கிறதையும் பார்க்கவேணும் என்றார். தமையனின் கலியாண வீடியோவில் ஜெசி பொம்பிளைத் தோழியாக நின்றாள் என்று கேள்விப்பட்டதும், அந்த டிவிடியை எடுப்பித்துத் தரும்படி கேட்டார்.

ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் எங்கள் பழைய ரீவியில் கறுப்பு வெள்ளையில் படம் மேலும் கீழுமாக உருண்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கனடாப் பக்கம் ஒரு செக்கனுக்கு முப்பது படம் ஓடும், அவுஸ்திரேலியாவில் இருபத்தைந்து. அதை இந்த நாட்டு முறைக்கு மாற்ற வேண்டும். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவிலேயே அதைச் செய்து கொடுக்கிறார்கள், குடுத்து எடுப்பம் என்றாள் ஸ்டெல்லா.

"கடையோ? அப்ப நான் எதுக்கு இருக்கிறன்?" என்றேன்.

(எதற்கு இருந்தேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.)

அன்ரி வீட்டில் புத்தம் புதிய அகல ரீவி ஒன்று இருந்தது. அந்த டிவிடியை முதலில் அதில் ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். நான் சாதாரண மனிதனா என்ன!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. கொம்பியூட்டர் சூடாகிறது என்று அதற்கு மேசைவிசிறி வைத்தேன். ஸ்டெல்லா வீடு கூட்டவும் கூடாது, அதிரும். முதல் தரம் மாற்றியபோது எப்படியோ செக்கனுக்கு முப்பது படத்தை இருபத்தைந்தாக ஓடவிட்டிருந்தேன். படம் நீண்டுவிட்டது, சத்தம் நீளவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருக்க, சத்தத்தில் சனங்கள் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். விடுவேனா? சத்தத்தையும் பிடித்து அதே அளவுக்கு இழுத்துவிட்டேன். இரண்டு மணித்தியாலக் கலியாணம் இரண்டு மணித்தியாலம் இருபத்துநான்கு நிமிடமாகியது. அந்த இருபத்துநான்கு நிமிடமும் என் அன்பளிப்பு.

பிறகு பார்த்தால் படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அன்ரி அகல ரீவி வாங்கி வைத்திருப்பது கறுப்புப் பட்டை பார்க்கவா? ஒரு பொத்தானை அமத்தி படத்தை இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கொம்பியூட்டரில் காட்டினேன். ஆறு வருடமாகக் காணாத தங்கச்சி திரையில் வந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "குச்சி மாதிரி இருந்தவள், இப்ப நல்லாச் சதை வச்சிட்டாள்," என்று சந்தோஷப்பட்டாள். கலியாணத்திலே ஜெசி மைக் பிடித்து வாழ்த்துச் சொல்லும் இடம் வந்தது. குரல் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே, தடிமனோ என்று கேட்டாள். கனடாக் குளிர் என்றேன். பாதரின் பிரசங்கம் பாதாளத்திலிருந்து வருவதுபோல இருந்தது. அதற்கும் குளிர்தான் காரணம் என்றேன். குளிர் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அடுத்த கிழமை ஸ்பிரிங்வேலில் அரங்கேற்றம். அன்ரி கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஜெசி கேக் தட்டோடு வந்தாள். உண்மையில் அவள் ஓடியிருக்கிறாள். என் கைவண்ணத்தில் அன்னநடை நடந்தாள். வாழ்த்துரையை அரைநிமிடத்தில் பொரிந்து தள்ளியிருக்கிறாள். என் கைவண்ணத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அன்ரியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பாத்தியே தம்பி, என்ன அடக்கம்! ஆற அமரக் கதைக்குது. உடம்பும் வீட்டுக்குப் பாந்தமா இருக்குது. இதுதான் என்ர மருமகள்."

றொபின் பக்கத்தில் இருந்து ரீவியையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். கூச்சம் என்று நினைத்தேன்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அந்த டிவிடியே சொல்லிவிட்டது.

கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. ஸ்டெல்லா பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தாள், நான் அன்றுவரை கேட்காத பாட்டெல்லாம். ஆறு மாதம் கழித்து நிச்சயதார்த்தத்துக்கு ஜெசியும் மாமியும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒரு மெல்லிய பெட்டை கையை ஆட்டியது. யாருக்கோ ஆட்டுகிறது என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"அத்தான் எப்பிடி இருக்கிறியள் பிளேனிலை சாப்பாடு சரியில்லை அம்மாவுக்குக் கால் வீங்கிட்டுது அக்கா ஏன் அழுகிறாய் கார் எங்கை நிக்குது?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா டிவிடியைப் போட்டாள். தங்கச்சியைத் திரைக்குப் பக்கத்தில் இருத்தினாள். இரண்டு ஜெசியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ர தங்கச்சியை என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்?"

உடனே அன்ரிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லுவோம் என்றாள். நான் தடுத்தேன். சொன்னால் கலியாணம் குழம்பும் என்று அவளுக்குச் சொன்னேன். சொன்னால் என் இஞ்சினியர் பட்டம் போய்விடும் என்று எனக்குள் சொன்னேன். இரண்டாவதுதான் முதற்காரணம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பதிலாக நான் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் ஜெசியைக் கொழுக்க வைப்பது! காலையில் பாலப்பம், மத்தியானம் ஆட்டிறைச்சி, இரவு புட்டும் முட்டைப் பொரியலும். இடையிடையே ஆறுதலாக, மெல்ல மெல்லக் கதைக்கப் பயிற்சி. மூன்றாம் நாள் நிறுத்துப் பார்த்தோம். நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன். ஜெசி அப்படியே இருந்தாள்.

ஸ்பிரிங்வேலில் அன்ரி வாசலில் வந்து நின்றார். மாமியைக் கட்டிக் கொஞ்சினார். ஸ்டெல்லாவைக் கொஞ்சினார். ஜெசியின் கன்னத்தைத் தட்டி, "இது கடைசித் தங்கச்சியோ?" என்று கேட்டுவிட்டு எங்கள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கலியாணப் பொம்பிளை எங்கை? காரிலை இருக்கோ?"

ஜெசிதான், "நான்தான் அன்ரி பொம்பிளை," என்றாள். பயிற்சி எடுத்தபடி மிக ஆறுதலாகத்தான் சொன்னாள். என்ன பிரயோசனம்!

உள்ளே மேசையில் பற்றீஸும் றோல்ஸும் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு தட்டில் நிச்சயதார்த்தச் சேலை, பூ, வளையல்கள், அன்ரி தைப்பித்து வைத்திருந்த பிளவுஸ். அளவு எங்கே எடுத்தார் என்று கேட்காதீர்கள். டிவிடியை நிற்பாட்டி நிற்பாட்டிப் பார்த்து ரீவியில் எடுத்தாராம். பிளவுஸை விரித்து ஜெசியின் தோளில் வைத்துப் பார்த்தார். அதற்குள் இன்னும் ஒரு ஜெசி தாராளமாக நிற்கலாம். வளையலைப் போட்டார். அது முழங்கையையும் தாண்டி மேலே போனது.

அன்ரி கதிரையில் இருந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன நோய்? ஆறு மாசத்திலை இப்பிடி உருகிப்போக என்ன வருத்தம் வந்தது? ஏன் எனக்கு மறைச்சனியள்?"

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை, இப்படிக் கேட்கிற வீட்டில் பிள்ளை கொடுக்கவும் தேவையில்லை என்று எழும்பிக் கைப்பையை எடுத்தார். ஸ்டெல்லா அழவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு வருடத் தனிமையும் அந்தப் பார்வையில் இருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்ரி, பிள்ளையிலை பிழையில்லை. பிழை என்னிலை. நான்தான் இழுத்தனான்," என்றேன்.

முப்பது படம், இருபத்தைந்து படம், கறுப்புப் பட்டை எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த, நானும் சேர்ந்து எதையோ மறைக்கிறேன் என்றுதான் அன்ரி நினைத்தார். ஒரு மனிதன் இருந்த இடத்திலேயே ஒரு பெண்ணைத் தடிப்பாக்கினான் என்றால் யார்தான் நம்புவார்கள்?

றொபின் எழும்பினான். "அண்ணை, கனடாவிலயிருந்து வந்த டிவிடி உங்களிட்டை இருக்கோ?"

காரில் இருந்தது. ஆனால் அது இங்கே ஓடாது, அதற்காகத்தானே இவ்வளவு பாடும் என்றேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. கொண்டுவந்து அன்ரியின் டிவிடி பெட்டிக்குள் போட்டான்.

ஓடியது. கலர் கலராக, கண்ணாடி மாதிரி, ஒரு உருளல் இல்லாமல் ஓடியது. புது ரீவிக்கு எந்த நாட்டு முறையும் ஒன்றுதானாம், என் இரண்டு நாள் தவத்துக்கும் தேவையே இருந்திருக்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் ரீவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பற்றீஸைப் பார்த்தேன்.

திரையில் மெல்லிய ஜெசி கேக் தட்டோடு ஓடினாள். அரைநிமிடத்தில் வாழ்த்துரை முடித்தாள். அன்ரி கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்தார்.

"அம்மா, எனக்கு முதலே தெரியும்," என்றான் றொபின். "ஃபேஸ்புக்கிலை படங்கள் பாத்தனான். ஒவ்வொரு நாளும் போனிலை கதைக்கிறனான். சொன்னா நீங்கள் வேண்டாமெண்டிருப்பியள். அதுதான் சொல்லேல்லை."

"அப்ப நான் ஆரைப் பாத்தனான்?" என்று கேட்டார் அன்ரி.

அன்ரி ஜெசியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். வளையலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் ஆறுதலாகக் கதைக்க ஏலாதோ பிள்ளை என்று கேட்டார்.

"ஆறுதலாக் கதைச்சா நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோயிடும் அன்ரி மூண்டு நாளா அத்தான் பழக்கினவர் பாலப்பம்தான் மிச்சம்."

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமி கைப்பையைக் கீழே வைத்தார். பதினொரு ஊசி குத்தி அந்தப் பிளவுஸை ஒருவாறு ஜெசியின் உடம்பில் நிறுத்தினார்கள். பதினொன்றையும் குத்தியவள் ஸ்டெல்லா. ஒவ்வொரு ஊசிக்கும் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இது நடந்து பதினைந்து வருடமாகிறது. ஜெசி இப்போது ஸ்பிரிங்வேலில். அக்காவும் தங்கச்சியும் கிழமைக்கு இரண்டு தரம் சண்டை பிடிக்கிறார்கள், ஸ்டெல்லா நல்ல சுகமாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாராவது இரண்டு கிலோ கூடினால், "அத்தான் கைவச்சிட்டாரோ?" என்றுதான் கேட்பார்கள். என்னிடம் ஒருவரும் பிரிண்டர்கூடக் கொண்டுவருவதில்லை.

போன மாதம் அன்ரி வந்தார். ஜெசிதான் காரில் கூட்டிவந்தாள். அன்ரியின் டிவிடி பெட்டி செத்துப்போய்விட்டதாம். லேஞ்சித் துண்டில் சுற்றி வைத்திருந்ததை அவிழ்த்தார். நான் இழுத்த அதே டிவிடி. இதை உந்தச் சின்ன யூஎஸ்பிக் குச்சியில் ஏற்றித் தா என்றார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அன்ரி, இப்போது எனக்குச் சரியாகச் செய்யத் தெரியும், வேகத்தையும் அகலத்தையும் அளவாகத் திருத்தித் தருகிறேன் என்றேன்.

"ஒண்டையும் திருத்திப்போடாதை தம்பி," என்றார் அன்ரி. "வீட்டிலை இருக்கிறவளோட சண்டை கொளுவினா, நான் போய் இருக்கிறது இவளுக்கு முன்னாலைதான்."

நான் ஜெசியைப் பார்த்தேன்.

"அப்பிடியே குடுங்கோ அத்தான்," என்றாள் அவள். "எனக்கும் அவளாலைதான் நிம்மதி."

அப்படியே ஏற்றிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்து ஒருவரும் குறை சொல்லாத ஒரே கொம்பியூட்டர் வேலை அதுதான்.