ஆஃப் கோர்ஸ் கண்டக்டர்

திருவண்ணாமலையில் அவரளவுக்கு மாத்திரை வாங்கியவரும் கிடையாது, வாங்கிய மாத்திரையை அவரளவுக்கு விழுங்காமல் விட்டவரும் கிடையாது. அவர் சட்டைப்பையைக் கவிழ்த்தால் நம்மூரில் இன்னொரு கிளினிக் திறந்துவிடலாம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். மனைவி போனபிறகு கீழ்பென்னாத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே ஒற்றை அறைக்குக் குடிவந்தார். ஒரே மகள் மஸ்கட்டில். பக்கத்து அறை என்னுடையது. எனக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை, கல்யாணம் ஆகவில்லை.

பட்டப்பெயர் வைத்தது சந்து முனையில் மெடிக்கல் ஷாப் நடத்திய பாய். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போதெல்லாம், "கண்டக்டரே, முழு கோர்ஸும் சாப்டணும், சரியா?" என்பார். "ஆஃப் கோர்ஸ்!" என்று இவர் கம்பீரமாக ஒரு இங்கிலீஷ் விடுவார். நம் வாயில் ஆஃப் என்றால் பாதிதானே, ஆஃப் பாயில் மாதிரி? மனிதர் சொன்ன சொல் தவறமாட்டார். சரியாகப் பாதி கோர்ஸ்தான் சாப்பிடுவார்.

"ஏன் பாதியில நிறுத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, காய்ச்சல் போளூர்லயே எறங்கிடுச்சு. நான் எதுக்கு வேலூர் வரைக்கும் டிக்கெட் எடுக்கணும்?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், எறங்குனது சோப்ளாங்கிக் கிருமிங்க. முரட்டுக் கிருமிங்க உள்ளேயே சீட் புடிச்சு உக்காந்திருக்கும். நீ மருந்த நிறுத்துனா அதுங்க தான் குட்டி போடும். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். குட்டி போடறப்ப ஏதோ ஒண்ணு கொஞ்சம் மாறிப் பொறக்கும். அந்த மாத்தத்தால மருந்துல தப்பிச்சிச்சுன்னா, அதோட வம்சம் பூரா தப்பிச்சிக்கும். போதாக்கொறைக்கு, தப்பிக்கிற வித்தைய பக்கத்துக் கிருமிக்கும் குடுத்துடும்."

கண்டக்டர் வாயைப் பிளந்தார். "அதுங்களுக்குள்ள அவ்ளோ ஒத்துமையா? நம்ம சந்துல ஒரு குடம் தண்ணி குடுக்கமாட்டேன்றாங்க!"

மிச்ச மாத்திரைகளை வீணாக்க அவர் மனம் ஒப்பாது. யார் இருமினாலும் ஆஜராகிவிடுவார். அட்டையிலிருந்து மாத்திரையைக் கிழிக்கும் அழகைப் பார்க்கவேண்டும். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டிக்கெட் கிழிப்பது போலவே ஒரு 'சர்க்'. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஓர் இத்தாலிக்காரருக்கு வயிற்றுப்போக்கு. ரோட்டில் நிறுத்தி மருந்து நீட்டினார். அந்த மனிதர் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாய்க்குப் போவதற்குள் பாய் ஓடிப்போய்ப் பிடுங்கினார்.

சிரிப்பெல்லாம் பகலில். சாயங்காலம் ஆனால் அவர் அறைக்கதவு திறந்தே இருக்கும். வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் "எங்க? எங்க போறீங்க?" என்பார். முப்பது வருஷம் கேட்ட கேள்வி. பஸ்ஸில் நின்று பதில் சொன்ன ஜனம், சந்தில் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனது.

அதனாலேயே அவருக்குப் பௌர்ணமி என்றால் உயிர். சாமி பக்தி கம்மி, கூட்ட பக்தி ஜாஸ்தி. கிரிவலப் பாதையில் இடித்துக்கொண்டு வரும் ஜனங்களைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு!" என்று மலையையே ஒரு பஸ்ஸாக்கி ஓட்டிக்கொண்டு வருவார்.

அப்படி ஒரு பௌர்ணமியில் வெறுங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது. சர்க்கரை உடம்பு வேறு. பையிலிருந்த மிச்சத்தில் ஏதோ ஒன்றை இரண்டு வேளை போட்டார். புண் வாடியது. நிறுத்தினார். புண் திரும்ப வாய் திறந்தது. வேறு மாத்திரை. வாடியது, நிறுத்தினார். நானும் பாயும் மாறிமாறிக் கத்தினோம். "ஆஃப் கோர்ஸ்" என்றார். ஒரு காலையில் நாற்காலி வாசலுக்கு வரவில்லை. கதவைத் தள்ளினேன். கால் வீங்கிப் பளபளவென்றிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

புண்ணிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு தன் மகள் வயதுகூட இருக்காது என்று கண்டக்டரே பிறகு சொன்னார். அந்த அம்மாதான் அவருக்கு விளக்கினார். "ஐயா, தட்டுல விதவிதமா மருந்து வில்லை வெச்சோம். வில்லையச் சுத்திக் கிருமி செத்து வட்டமா காலியாகணும். உங்களுது வில்லை ஓரம் வரைக்கும் வந்து வளந்திருக்கு. ஒரே ஒரு மருந்துக்குத் தான் பயப்படுது. அது ட்ரிப்ஸ்ல தான் ஏத்தணும்."

"என்னோட கிருமியா? அவ்ளோ தைரியமா?" என்றார். பிள்ளை ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி ஒரு சின்னப் பெருமை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கால் சுண்டுவிரலை எடுத்தாகவேண்டும் என்றார்.

விரல் போனதற்குக்கூட அவர் அழவில்லை. பெரிய வார்டில் போடுவார்கள், இருபக்கமும் கட்டில், பேச ஆள் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அந்தக் கிருமி மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று கடைசியில் இருந்த தனியறையில் போட்டார்கள். நர்ஸ் கையுறை மாட்டி வருவார், ஊசி போடுவார், போய்விடுவார். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

மேலங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பாய் எப்படி இருக்காரு?"

"உங்கள நெனச்சு தான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்காரு. சொன்னத கேட்டிருக்கலாமில்ல? வீம்புக்குப் பாதியில நிறுத்தினீங்க."

"வீம்பு இல்ல தம்பி." சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார். "கடைக்குப் போனா பாய் 'இப்ப எப்படி இருக்கு?'ன்னு கேப்பாரு. 'கொஞ்சம் பரவால்ல'ன்னா, 'தூக்கம் வருதா, சோறு எறங்குதா'ன்னு கேப்பாரு. முழுசா சரியாயிடுச்சுன்னு சொன்னா வேற என்ன கேப்பாரு? அடுத்த ஆளப் பாக்கப் போயிடுவாரு."

கட்டிலுக்கு ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

அந்தத் தடவை மட்டும் மருந்து முழுசாக ஏறியது. ட்ரிப்ஸை நிறுத்தும் திருகு நர்ஸ் கையில் இருந்ததால் அவரால் ஒன்றும் செய்யமுடியவில்லை. புண் ஆறியது. தனியறையில் அவர் சொன்னதைப் பாயிடம் சொன்னேன். பாய் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டார். "மாத்திரை வாங்காம வர்றதா இருந்தா வரச்சொல்லு" என்றார்.

வந்தார். வந்தவர் போகவேயில்லை. ஆன்டிபயாட்டிக் வாங்க வருகிறவர்களுக்கு நாற்காலியிலிருந்தே பரிசோதனை. "சீட்டு எங்க? டாக்டர் சீட்டு?" சீட்டு இல்லாதவரை வழியிலேயே இறக்கிவிட்டுவிடுவார். சீட்டு இருந்தால், செருப்பைக் கழற்றி நாலு விரல் காலைக் காட்டுவார். "பாதியில நிறுத்துன, இது தான் கதி!" கொஞ்சநாள் பாய்க்கு வியாபாரமே படுத்துவிட்டது. ஆனாலும் நாற்காலியை எடுக்கவில்லை.

எனக்கு மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கேயும் ஒற்றை அறைதான், பக்கத்தில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் அது கண்டக்டர்தான். "தம்பி, ஒடம்பு எப்படி இருக்கு?" என்பார். நல்லாயிருக்கேன் என்று சொன்னால் சீக்கிரம் வைத்துவிடுவாரோ என்று, ஒன்றும் இல்லாத நாளிலும் லேசாக இருமிவைக்கிறேன்.