கன்ட்ரோல் தட்டில் ஒரு நட்சத்திரம்

"இது என்ன?"

மேடம் வட்டத் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பூஞ்சை, மேடம்."

"அது தெரியாமலா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்? கன்ட்ரோல் தட்டுல அதுக்கு என்ன வேலை?"

அவள் ஏதோ முணுமுணுத்தாள். யாருக்கும் கேட்கவில்லை. கூட்டங்களில் வாயே திறக்காததால் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மியூட் என்று பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெயர் மட்டும் சேர்ந்த வாரமே நிரந்தரமாகிவிட்டது.

உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் அது. பால் பவுடர், பிஸ்கட், பாட்டில் தண்ணீர் என்று எது வந்தாலும் கொஞ்சம் எடுத்து, அகர் கூழ் ஊற்றிய தட்டில் தடவி, இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான அலமாரியில் வைப்பார்கள். கிருமி இருந்தால் சில நாளில் வளர்ந்து முகம் காட்டும். கூடவே எதையுமே தடவாத தட்டுகளையும் வைப்பார்கள். அவைதான் கன்ட்ரோல் தட்டுகள். அவற்றில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால், அழுக்கு பிஸ்கட்டில் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்று பொருள்.

"மாசக் கடைசியில லைசென்ஸ் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் வர்றார்," என்றார் மேடம். "அதுக்குள்ள இது எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சா உன்னை நிரந்தரமாக்கறேன். இல்லேன்னா நாம ரெண்டு பேருமே நிரந்தரமா வீட்டுல உக்காரலாம்."

"கண்டுபிடிக்கறேன், மேடம்."

"என்னது?"

"கண்டுபிடிக்கறேன்!"

அந்தக் கட்டடத்தில் அவள் பேசியதிலேயே உரத்த சொல் அதுதான். பக்கத்து அறையிலிருந்து கணக்கர் எட்டிப் பார்த்து, "யாரு பேசினது?" என்றார்.

அவளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவதற்காக, ஒவ்வொரு தட்டையும் இன்குபேட்டரில் வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் படம் பிடிக்கச் சொல்லியிருந்தார் மேடம். செல்போனில் எடுத்தபோது எல்லாத் தட்டுகளும் மேகத்துக்குப் பின்னால் போன நிலா மாதிரி இருந்தன. அதனால் போன வாரம்தான் தன் சொந்தக் கேமராவைக் கொண்டுவந்திருந்தாள்.

கேமரா புதியது, மிரர்லெஸ் ரகம். லென்ஸ் அவளைவிட வயதில் மூத்தது. சித்தப்பா கொடுத்தது. முழுக்க உலோகமும் கண்ணாடியும். கையில் எடுத்தால் எடைக்கல் மாதிரி கனத்தது. இரண்டுக்கும் பொருந்தாததால் நடுவே ஒரு அடாப்டர் வளையம் போட்டு மாட்டியிருந்தாள்.

முதல் நாள் கேமரா, 'லென்ஸ் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டுப் படம் எடுக்க மறுத்தது. பழைய லென்ஸில் மின்சாரத் தொடர்பு எதுவும் கிடையாது. அதனால் கேமராவுக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சொல்லப்படுவது மியூட்டுக்குப் புதிதல்ல. அவளுக்கு அந்த லென்ஸ்மேல் பாசம் வந்துவிட்டது. மெனுவுக்குள் புகுந்து, 'லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு' என்ற வசதியைத் தேடிப் பிடித்து இயக்கினாள்.

ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். வளையத்தைத் திருப்பினால் லென்ஸ் நீளும், சுருங்கும். நீண்டு சுருங்கும்போது மெல்லிய பெருமூச்சு ஒன்று விடும். எந்த இடம் துல்லியமாக இருக்கிறதோ அந்த விளிம்பு திரையில் சிவப்பாக மினுங்கும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கவேண்டும். படங்களில் லேசாகப் பனி படர்ந்தது போல ஒரு மென்மை. பழைய லென்ஸ்களுக்கே உரிய குணம் அது என்று இணையத்தில் பலர் உருகி உருகி எழுதியிருந்தார்கள்.

பூஞ்சையைப் படம் எடுத்தாள். வெள்ளைவெளேரென்று, நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் நூல் நூலாகக் கிளை பிரிந்து, ஒரு நட்சத்திரம். அழகாகத்தான் இருந்தது. தன் கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பி, இது என்ன இனம் என்று கேட்டாள். இனம் தெரிந்தால் இருப்பிடம் தெரியும்.

பேராசிரியர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'இன்னும் கிட்டப் போய் எடு.'

முதல் சந்தேகம் ஏசி மேல். வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். அன்று புதுக் கன்ட்ரோல் தட்டுகள் தயார் செய்து, படம் எடுத்து உள்ளே வைத்தாள். மூடியில் விளக்கு பளபளத்ததால் இந்த முறை மூடியைப் பாதி விலக்காமல் முழுதாகத் திறந்து எடுத்தாள்.

தட்டுகள் வெளியே வந்தபோது ஒரு நட்சத்திரம் மூன்றாகியிருந்தது.

"ஏசியைக் கழுவினியா, இல்ல அதுக்குச் சாப்பாடு போட்டியா?" என்றார் மேடம்.

'நுனி தெரியவில்லை, இன்னும் கிட்ட' என்றார் பேராசிரியர்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே இன்னொரு வளையம் சேர்த்தாள். இப்போது தட்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் லென்ஸைப் பிடித்தால்தான் ஃபோகஸ் ஆனது. தட்டுகளைத் திறக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் சுத்தமான காற்றை வீசும் விசிறி ஒன்று உண்டு. அது ஓடினால் கேமராவைத் தாங்கும் முக்காலி நடுங்கியது. ஒரு நிமிடம்தானே என்று அதை நிறுத்தினாள். முகக்கவசம் போட்டிருந்தாள். கையுறை போட்டிருந்தாள். தட்டின்மேல் தன் மூச்சுகூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். லென்ஸ் மட்டும் முன்னும் பின்னும் போய், நிதானமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த முறை எல்லாத் தட்டிலும் நட்சத்திரம்.

அவள் அழவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பூஞ்சை எந்த வழியாக உள்ளே வரலாம் என்று சுற்றிப் பார்த்தாள். கணக்கர் அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கணக்கர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், அதுல என்ன?"

"பிரெட்டும்மா. டாக்டர் வேற எதுவும் சாப்பிடக் கூடாதுன்னுட்டார்."

"எப்ப வாங்கின பிரெட்?"

கணக்கர் டப்பாவை மூடினார். "என் வீட்டுக்காரிகூட என்னை இப்படிக் கேட்டதில்ல."

"தப்பா நினைக்காதீங்க சார். பிரெட்ல பூஞ்சை பிடிக்கும்."

"பிடிக்கட்டுமே, எனக்கும்தான் பிடிக்கும்! இத்தனை வருஷமா இதே ஜன்னல், இதே டப்பா. ஒரு நட்சத்திரம் விழலை. நீ வந்த பிறகுதான் வானமே இடிஞ்சு விழுது."

ஆனாலும் நல்ல மனிதர். டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ச் சாப்பிட்டார். பலன் இல்லை. நட்சத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வளர்ந்தன.

அந்த வாரம் சித்தப்பா போன் செய்தார்.

"லென்ஸ் எப்படி உழைக்குது?"

"நல்லா உழைக்குது சித்தப்பா. தினமும் எடுக்கறேன்."

"எடு, எடு. நம்ம வீட்டுப் பரண்ல, ஷூ பெட்டிக்குள்ள, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல கிடந்தது. பாவம், மூச்சு முட்டியிருக்கும். நல்லாக் காத்து படற மாதிரி வெச்சுக்கோ."

அவளும் காற்றுப்பட வைத்துக்கொண்டாள். வேலை நேரம் முழுக்க அது முக்காலியிலேயே நின்றது. தூசி படியாமலிருக்க ரப்பர் பம்பால் நாலு பக்கமும் ஊதி, முன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தாள். நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து பூஞ்சை வருகிறது என்று தெரியுமே என்று, ஒவ்வொரு தட்டையும் நான்கு முறை திறந்து எடுத்தாள்.

பிறகுதான் அந்தத் திருப்பம் நடந்தது. ஒரு நாள் கேமராவின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறந்துவிட்டாள். படம் எடுக்காமலே தட்டுகளை உள்ளே வைத்தாள். மனசே கேட்கவில்லை. ஆதாரத்தில் ஒரு நாள் ஓட்டை விழுந்துவிட்டதே என்று வருந்தினாள்.

அந்தத் தட்டுகள் வெளியே வந்தபோது, கழுவித் துடைத்த வானம் மாதிரி இருந்தன. ஒரு புள்ளி இல்லை.

மியூட் ஓடினாள். உண்மையிலேயே ஓடினாள்.

"மேடம்! சுத்தம்! அன்னிக்கு மட்டும் சுத்தம்!"

"அன்னிக்கு என்ன வித்தியாசம்?"

இருவரும் யோசித்தார்கள். ஏசி அப்படியே இருந்தது. தண்ணீர் அதே தண்ணீர். அகர் அதே அகர்.

"அன்னிக்கு..." மேடம் மெதுவாகச் சொன்னார், "கணக்கு சார் பல் வலின்னு லீவு."

இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கணக்கர் அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார்.

"டப்பா இல்ல," என்றார் மேடம். "ஆளே."

அறிவியல் படித்தவள் ஆதாரம் இல்லாமல் யார்மேலும் பழி போட மாட்டாள். புதுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றில் கணக்கரின் உள்ளங்கையை ஒற்றினாள். ஒன்றில் சட்டைக் கையை. ஒன்றில் மூக்குக்கண்ணாடியை. ஒன்றில் தலையை.

"தலையுமா?"

"கொஞ்சம் குனியுங்க சார்."

"கல்யாணத்துக்கப்புறம் யார் முன்னாடியும் இவ்வளவு குனிஞ்சதில்ல," என்றபடி குனிந்தார்.

ஒப்பிடுவதற்கு எதையும் ஒற்றாத தட்டு ஒன்றையும் சேர்த்தாள். முக்கியமான சோதனை; ஆதாரத்தில் இந்த முறை ஓட்டை விழக் கூடாது. பேட்டரியை நிரப்பி, எல்லாத் தட்டையும் திறந்துவைத்து, வளையத்தைத் திருப்பித் திருப்பி, சிவப்பு மினுங்கும்வரை பொறுமையாக ஃபோகஸ் செய்து, ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்த பிறகுதான் இன்குபேட்டரில் வைத்தாள்.

கையில் நட்சத்திரம். சட்டையில் நட்சத்திரம். மூக்குக்கண்ணாடியில் இரண்டு. தலையில் ஒரு பால்வீதி. ஒற்றாத தட்டிலும் ஒன்று இருந்தது. தட்டுகளைப் பக்கத்தில் வைத்ததால் அவரிடமிருந்து தாவியிருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

கணக்கர் தன் தலைத் தட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இது பூரா என் தலையிலயா இருக்கு?"

"ஆமா சார். வருத்தப்படாதீங்க. இது நோய் கிடையாது."

"முடிதான் இல்லைன்னு நினைச்சேன். இதாவது வளருதே."

மறுநாள் அவர் குளியல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மேசையும் கம்ப்யூட்டரும் மாடிப்படிக்கு இடம் மாறின. இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை புதுத் தட்டே போட வேண்டாம் என்று மேடம் உத்தரவிட்டார். அந்த ஒரு நாளின் சுத்தமான தட்டுகளைப் பூட்டி வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அங்கே மியூட் எடுத்த நட்சத்திரம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தது.

"யார் எடுத்தது?"

"நான்தான் சார்."

"எங்க ஆபீஸ்லகூட இப்படி ஒரு படம் கிடையாது. இது எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சாச்சா?"

"கண்டுபிடிச்சாச்சு, சார்." அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "ஒரு மாசம் விடாம தேடினேன்."

"ஆள் மாடிப்படியில இருக்கார்," என்றார் மேடம்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தி, "முதல்ல இந்தத் தட்டுகளோட நாம மூணு பேரும் ஒரு படம் எடுத்துப்போம். அந்தக் கேமராவிலேயே. கோப்புல வைக்கணும்," என்றார்.

எடுப்பதற்கு ஆள் வேண்டும். கட்டடத்தில் மிச்சமிருந்தது ஒருவர்தான்.

கணக்கர் தொப்பியோடு வாசற்படிக்கு வெளியே நின்றார். மியூட் கிட்டப் படத்துக்காகச் சேர்த்த வளையத்தைக் கழற்றி, தூரத்துக்கு ஃபோகஸ் வைத்து, கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

"எதையும் திருப்பாதீங்க சார். பட்டனை மட்டும் அமுக்குங்க."

"இவ்வளவு நாள் என்னை நீ எடுத்தே. இன்னிக்கு உன்னை நான் எடுக்கறேன்."

மூவரும் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மேடம் புடவையைச் சரிசெய்தார். இன்ஸ்பெக்டர் ஒரு கையில் திறந்த பேனாவோடு புன்னகைத்தார். மியூட் முதல் முறையாக நிமிர்ந்து நின்றாள்.

கணக்கர் அமுக்கவில்லை. எதிலும் கறை இருக்கக் கூடாது அவருக்கு. கேமராவைத் தன் பக்கம் திருப்பி, லென்ஸின் முன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்தது போதவில்லை போலிருக்கிறது. மறுபடி துடைத்தார். பிறகு செல்போன் விளக்கைப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸுக்குள் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா மியூட்டு," என்றார், "இதுக்குள்ளயும் ஒரு நட்சத்திரம் வளத்து வெச்சிருக்கியே, இது எத்தனாவது நம்பர் தட்டு?"