கதீஜா அக்காவின் வீடு நடந்த மாலை

ஊருக்கு வீடு கட்டியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஊருக்கே கால் முளைக்க வைக்கப் பார்த்தவர், எனக்குத் தெரிந்து, எங்கள் நடையூரார் ஒருவர்தான்.

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் குமாஸ்தா, அவர் டிராஃப்ட்ஸ்மேன். சாக்கடைக்குப் பிளான் கேட்டால் நடக்கும் நகரம் வரைந்து நீட்டுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் இரண்டு நீளக் கழிகள். கடல் முன்னால் வந்தால் ஊர் மொத்தமும் ஆட்களின் தோளேறிப் பின்னால் போய்விடும்.

"லெட்டர் வந்தா போஸ்ட்மேன் எங்கய்யா தேடுவான்?" என்றார் மேலதிகாரி.

"போஸ்ட் ஆபீஸும் கூடவே வரும் சார்."

நடையூரார் என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அவரை நம்பிய ஒரே ஜீவன், மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் டீக்கடை வைத்திருந்த கதீஜா அக்கா. இரண்டு வீடுகளைக் கடலுக்குக் கொடுத்தவர். மூன்றாவதை நடையூரார் சவுக்குக் கழிகளின் மேல் பலகையும் கீற்றுமாகக் கட்டிக்கொடுத்தார். தூக்குவதற்கு, பக்கத்துக் கிராமத்தில் பெருமாள் வாகனம் சுமக்கும் பதினாறு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. பொழுது சாயும்போது அலை வாசலை நக்கிக்கொண்டிருந்தது. சுமப்பவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். அந்த இடத்துக்கு, வேடிக்கை பார்க்க வந்திருந்த என் தோளைக் கொடுத்துவிட்டார் நடையூரார், என்னைக் கேட்காமலே.

"அக்கா, எறங்கிடுங்க" என்று கெஞ்சினேன்.

"ரெண்டு வூட்ட வுட்டுட்டு எறங்கி இன்னா கண்டேன்? இதுல உக்காந்துகினுதான் வருவேன். தூக்குய்யா."

தூக்கினோம். வீடு நிஜமாகவே எழுந்தது. நடையூரார் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தாளம் போட, முழங்கால் தண்ணீரில் நடந்தோம். மேட்டுக்குத் திரும்பும் முனை வந்ததும் வீடு நின்றுவிட்டது.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க?" நடையூரார் தாளத்தை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"சாமி தூக்கறப்ப முனை வந்தா ஆரத்தி காட்டுவாங்க சார். காட்டாம காலு நவுர மாட்டேங்குது" என்றார் முன்கழிப் பெரியவர். அவர் விளையாடவில்லை. ஆயுசு முழுக்க அப்படியே நின்று பழகிய கால்கள்.

அந்தக் காற்றில் கற்பூரத்துக்கு எங்கே போவது? நடையூரார் கிழித்த தீக்குச்சியெல்லாம் நமுத்திருந்தது. அலை என் இடுப்பில் மோதியது. கழி வழுக்கியது. செத்தோம் என்றே நினைத்தேன்.

தலைக்கு மேல் கதவு திறந்தது. ஏன் நின்றோம் என்று பார்க்க, அக்கா அரிக்கேன் விளக்கை வெளியே நீட்டி, எங்கள் முகங்களைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னாய்யா, தூங்கிட்டீங்களா?"

"ஆச்சு, நட" என்றார் பெரியவர். வீடு நகர்ந்தது.

அப்புறம் ஒவ்வொரு முனையிலும் அக்கா தாமாகவே விளக்கைச் சுற்றினார். சவுக்குத் தோப்பு மேட்டில் இறக்கியபோது, பழைய இடத்தில் கடல் புரண்டுகொண்டிருந்தது. நடையூரார் வீட்டைப் பார்க்கவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அக்கா டீயை நீட்டினார். "அழுவாத நைனா. ஊரு ஊருன்னியே, ஒரே வூடுதான கீது? பக்கத்துல உனக்கொண்ணு கட்டிக்கோ."

கட்டிக்கொண்டார். செங்கல்பட்டு லாட்ஜைக் காலி செய்துவிட்டு, ஓய்வு பெறும்வரை அங்கிருந்துதான் ஆபீசுக்கு பஸ் பிடித்தார். அவருடைய நகரம் அந்த இரண்டு வீடுகளோடு நின்றுவிட்டது.

இன்றும் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னால், என் வலது தோள் தானாகக் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. நடையூராரே, ஆள் குறைந்தால் சொல்லியனுப்புங்கள்.