சலூன்காரரின் சொத்து விவரம்

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த கல்வி உதவித்தொகை அதிகாரி, கண்ணாடியைப் பார்த்தபடி சாவகாசமாகச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வர்றேன். பொண்ணு காலேஜ் உதவிக்கு மனு போட்டிருக்கில்ல, அது விஷயமா."

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. நல்லவேளை. அதிகாரியின் கன்னத்தில் நின்றிருந்தால் இந்தக் கதை ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருக்கும்.

மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் படிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடையாது. வருமானம் குறைந்த வீட்டுக்குத்தான் உதவி என்பது விதி. சலூன்காரரின் வருமானமோ, குறைவுக்கே வெட்கம் வரும் அளவுக்குக் குறைவு. சிக்கல் அதில் இல்லை. அவர் வாயில் இருந்தது.

முடி வெட்ட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து ஓட முடியாது. இந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு, வந்த தலைக்கெல்லாம் தன் சொத்தைப் பற்றி அளந்துவிடுவது அவர் வழக்கம். கிருதா முடிவதற்குள் ஒரு பழத்தோட்டம் வாங்குவார். பின்கழுத்துக்கு வருவதற்குள் அதை விற்றுக் கப்பலில் பங்கு வாங்குவார். இதே அதிகாரிக்குப் போன தடவைதான் தன் கடற்கரை மாளிகையை ஜன்னல் ஜன்னலாகத் திறந்து காட்டியிருந்தார்.

"சார், அந்தக் கடற்கரை வீடு இருக்கே," என்று மெல்ல ஆரம்பித்தார். "அது இப்போ இல்லை."

"அடடா. என்னாச்சு?"

"கடல் கொண்டுபோயிருச்சு."

"அப்போ நஷ்ட ஈடு வந்திருக்குமே. அதையும் வருமானத்துலதான் சேர்க்கணும்."

சலூன்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. "வந்துச்சு சார். அப்படியே தம்பிகிட்ட கொடுத்துட்டேன்."

"தம்பி எங்கே இருக்காரு?"

"வெளிநாட்டுல."

"அப்போ மாசாமாசம் பணம் அனுப்புவாரே."

"பேச்சுவார்த்தையே இல்லை சார். சொத்துத் தகராறு."

"ஓகோ. தகராறு பண்ற அளவுக்கு இன்னும் சொத்து மிச்சம் இருக்கு," என்று அதிகாரி தலையாட்டினார். "அந்தப் பக்கக் கன்னத்தையும் கொஞ்சம் பாருங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கூடப்பிறந்தவங்களே இல்லாத மனுஷன் நீங்க. எனக்கு ஒரு ஓரகத்தி இருக்கிறதையே இன்னைக்குத்தான் சொல்றீங்க. அவ எப்படி, நல்ல மாதிரியா?"

"கிண்டல் பண்ணாதடி. நான் என்னத்தைக் கண்டேன்."

"அப்பா," என்றாள் மகள், "தெருவுலயும் விசாரிப்பாங்களாம்ப்பா."

தெரு என்றதும் சலூன்காரர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார். அந்தத் தெருவில் அவர் கைக்குத் தப்பிய தலை எது? உடனே கிளம்பினார். முதல் ஆள், ரொட்டிக் கடைக்காரர்.

"எனக்குக் கப்பல்ல பங்கு இருக்குன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"ஞாபகம் இல்லையே."

"நல்லது. இருந்தா மறந்துடுங்க."

"எந்தக் கப்பல்?"

அங்கேயே திரும்பியிருக்க வேண்டியவர்தான். ஆனால் வெள்ளத்துக்கு அணை போடலாம், அந்த வாய்க்கு முடியுமா? "மூணு அடுக்கு. உள்ளேயே நீச்சல் குளம்," என்று தொடங்கியவர், நாலாவது அடுக்கு கட்டும்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் மறக்கச் சொல்லிப் போன வீடுகளில் எல்லாம் மறந்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. சாயங்காலம் மருந்துக் கடை அம்மாள் எட்டிப் பார்த்து, "கப்பல் எப்போ கரைக்கு வருது?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சலூன்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். இருந்த நல்ல சட்டையைக் கத்தரிக்கோலால் அங்கங்கே கிழித்து மாட்டிக்கொண்டார். தொழில் சுத்தம் விடுமா? கிழிசல்கள் எல்லாம் கிருதா வெட்டியது போல இரண்டு பக்கமும் அளவாக வந்திருந்தன.

ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார், பின்னாலேயே டிரைவரும் வந்தார்.

"சாப்பிட்டுப் பல நாளாச்சு சார்," என்றார் சலூன்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு. சொல்லி முடிப்பதற்குள், காலையில் உள்ளே போன ரொட்டி ஒரு ஏப்பமாக வெளியே வந்து தெருக்கோடி வரை கேட்டது.

அதிகாரி கூரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற மகளின் முகம் சுண்டிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் சலூன்காரருக்குள் இருந்த நடிகன் அப்படியே சரிந்தான்.

"சார், எல்லாம் புளுகு. கடல் கொண்டுபோக என்கிட்ட ஒண்ணும் இல்லை. தம்பி பொறக்கவே இல்லை. ஒரு நாற்காலி, ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான் நான். கண்ணாடிகூடக் கடையை வாடகைக்கு விட்டவரோடது. என் வாய்க்கு என்னைத் திட்டுங்க. புள்ளை படிப்புல கை வச்சுடாதீங்க."

அதிகாரி பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"கட்டணம், விடுதி, புத்தகம், எல்லாத்துக்கும் சேர்த்து உத்தரவு ஆயிருச்சும்மா. தபால்ல போட மனசு வரலை, அதான் நானே எடுத்துட்டு வந்தேன். நல்லாப் படி."

மகள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தாள். சலூன்காரர் கிழிசல் சட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க சார். அரசாங்கம் நல்லா இருக்கும். யாருக்குன்னு நான் நன்றி சொல்லுவேன்?" மூக்கை உறிஞ்சியவருக்குச் சந்தேகம் வந்தது. "அப்போ தெருவுல விசாரிக்கவே இல்லையா?"

அதிகாரி சிரிப்பை அடக்க வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர்தான் பதில் சொன்னார்.

"விசாரிக்காம உத்தரவு வருமாண்ணே? போன மாசமே வீடு வீடா ஏறி இறங்கினோம். 'அந்த மனுஷன்கிட்ட ஒண்ணுமே கிடையாது, கண்டிப்பா உதவி பண்ணுங்க'ன்னு மொத்தத் தெருவும் ஒரே வாயா சொல்லிட்டு, 'எங்களுக்குத் தெரியும்கிறதை மட்டும் அவர் காதுல போட்டுடாதீங்க, அப்புறம் கதை சொல்றதை நிறுத்திடுவாரு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."