காலையில் மட்டும் விக்கும் கார்

கேட்டைத் தாண்டுவதற்குள் கார் மறுபடியும் நின்றுவிட்டது. முதலில் ஒரு விக்கல், அடுத்து ஒரு நடுக்கம், கடைசியாக ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். மாப்பிள்ளை ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சாவியைத் தொடாதீங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். அவர் பானெட்டின் மேல் காதை வைத்திருந்தார். "இன்ஜின் என்னவோ சொல்ல வருது."

"நேரமாகுது மாமா."

"சொல்ல வர்றவங்களை நடுவுல மறிக்கக் கூடாது."

இன்ஜின் எதையும் சொல்லவில்லை. ஆரம்பித்திருந்தாலும் முடித்திருக்காது. மாமனார் இருக்கும் இடத்தில் இன்னொருவர் பேசி முடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாமனார் போன மழைக்காலம் வரைக்கும் நகரப் பேருந்துக் கழகத்தின் தலைமைப் பொறியாளர். ஊரில் ஓடிய அத்தனை பேருந்துகளின் தலையெழுத்தும் அவருடைய கையெழுத்தில் இருந்தது. அவர் பணிமனையைப் பார்வையிட வருகிறார் என்றால், தரையைக் கழுவி, கரி படிந்த ஆட்களையெல்லாம் பின்பக்கம் அனுப்பிவிட்டு, ஒரு இன்ஜினுக்கு வண்ணம் அடித்து மேஜை மேல் வைப்பார்கள். ஆகவே, அவர் வாழ்நாளில் பார்த்த இன்ஜின்கள் எல்லாம் ஆரோக்கியமாகவும் அமைதியாகவும் இருந்தன.

ஓய்வு பெற்ற பிறகு அவரும் மாமியாரும் கீழ்வீட்டில், மகளும் மாப்பிள்ளையும் மாடியில். கார் மாமனாருடையது. காலையில் மாப்பிள்ளை அதில்தான் ஆபீஸ் போக வேண்டும் என்பது மாமனாரின் உத்தரவு.

தெருமுனையிலேயே பஸ் நிற்கிறதே என்று மாப்பிள்ளை ஒருநாள் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். மாமனாரின் முகம் கறுத்தது.

"என் பொண்ணைக் கட்டினவர் பஸ்ல போறதா? அந்த பஸ்ஸையெல்லாம் ஓடலாம்னு பாஸ் பண்ணினதே நான்தான். அது எந்த நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை."



காரின் வியாதி விசித்திரமானது. இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்தால் மட்டும் வரும். காலையில் கிளப்பினால் விக்கும், நடுங்கும், நின்றுபோகும். கெஞ்சிக் கொஞ்சி, திரும்பத் திரும்பக் கிளப்பி, ஒரு வழியாக இன்ஜின் சூடேறிவிட்டால் குதிரை மாதிரி பறக்கும். ஆனால் அது குதிரையாகும் நேரத்தில் ஆபீஸில் வேலை தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும்.

மேனேஜர் நல்ல மனிதர். அதனால் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார். திங்கட்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகிறார். காலியாக இருக்கும் பிரிவுத் தலைவர் நாற்காலி யாருக்கு என்று அன்றைக்கு முடிவாகிறது.

"உங்களுக்குன்னுதான் எழுதி வெச்சிருக்கேன். ஆனா அன்னைக்கும் லேட்டா வந்தீங்கன்னா, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காரே, அவருக்குப் போயிடும். உங்க காருக்குக் குளிருதுன்னு நான் மேலிடத்துக்கு எழுத முடியாது பாருங்க."

மாப்பிள்ளை இதை வீட்டில் வந்து சொன்னபோது மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பொறுப்பு வந்து குடியேறியது.

"திங்கட்கிழமைக்குள்ள வண்டி சரியாகும். இது என் வாக்கு."

மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. தச்சன் வீட்டுக் கட்டிலுக்கு அடுத்த தெரு ஆசாரி ஆணி அடிப்பதா என்று கேட்டார் மாமனார். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு பல நாளாக எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் மாமனார் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தார். இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக வைத்த விளக்காம் அது.

முதலில் ஸ்பார்க் பிளக்கில் சந்தேகம் விழுந்தது. புதிதாக வாங்கிவந்து அவரே மாட்டினார். மாட்டியதில் இரண்டு வயர்கள் இடம் மாறிவிட்டன. மறுநாள் காலை கார் வெடித்த வெடியில் தெரு நாய்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபெயர்ந்தன. வயரைத் திருத்தி மாட்டியதும் பழைய விக்கல் திரும்பி வந்தது. அதைக் கேட்டு மாப்பிள்ளை முதன்முறையாக நிம்மதி அடைந்தார்.

அடுத்து, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் மாமனார். டேங்கிலிருந்து அத்தனையையும் இறக்கிக் குளியலறை வாளியில் பிடித்து வைத்தார். அதில் மாப்பிள்ளையின் சட்டை நழுவி விழுந்தது. அலசிக் காயவைத்து உடுத்திப் போன அன்று, சிகரெட் பிடிக்கிறவர்கள் யாரும் அவர் பக்கத்தில் வரவில்லை. ஜன்னலோரத்துக்காரர் மட்டும் அவருக்காக ஜன்னலைத் திறந்துவிட்டார். அவருக்கு இப்போதெல்லாம் ஆபீஸில் நல்ல பெயர்.

பக்கத்து வீட்டு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கடன் கொடுத்தார். மாமனார் அதைக் காதில் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டராக வைத்துப் பார்த்தார். டாக்டரும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"என்ன தோணுது டாக்டர்?"

"மனுஷனா இருந்தா ஓய்வு எடுக்கச் சொல்வேன். இது ஓய்வு எடுத்தாத்தானே சார் படுத்துது?"

டாக்டர் யோசிக்காமல் சொன்ன அந்த வார்த்தையை மாமனார் பிடித்துக்கொண்டார். குளிர்ந்தால்தானே வியாதி? குளிரவே விடாமல் பார்த்துக்கொண்டால்? அன்று மாலையே மாடிக்குப் போய், மகள் உயிராக வைத்திருந்த கம்பளிப் போர்வையை எடுத்து வந்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் கழுத்து வரை போர்த்திவிட்டார். காலையில் அதை எடுக்க மறந்துவிட்டார். எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பியதும் ஃபேன் பெல்ட் போர்வையின் ஒரு முனையைக் கவ்வி இழுத்துக்கொண்டது. மாப்பிள்ளை இன்ஜினுக்குள்ளிருந்து கம்பளியைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்து, சட்டையெல்லாம் பஞ்சும் நூலுமாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டுக் கொட்டகையில் இரவு தங்கினீர்களா என்று மேனேஜர் கேட்டார். வீட்டிலோ மனைவிக்கு அப்பாவின் மேல் கோபப்படும் பழக்கம் இல்லை. அதனால் அந்தக் கோபத்தையும் சேர்த்துக் கணவரிடமே செலவழித்தாள்.

"ஏங்க, போர்வை கேட்டா என்னைக் கேக்காம யாரு குடுக்கச் சொன்னா?"

"எங்கிட்ட யாரும் கேக்கலையே."

"கேக்காம இருக்கிற மாதிரி எதுக்கு நடந்துக்கறீங்க?"

இந்த அமளியில் எல்லாம் கலந்துகொள்ளாதவர் மாமியார் ஒருவர்தான். காலையில் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து காரின் மேல் வைப்பார். என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பொறுமையா பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல," என்று கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனைவியா என்று டாக்டரே வியந்திருக்கிறார்.

சனிக்கிழமை மாமனார் யாரோடும் பேசவில்லை. வாக்குக் கொடுத்தவருக்கு உண்டான கவலை அவர் முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு, இன்ஜினில் கண்ணுக்குப் பட்ட வயர்களை ஒன்று விடாமல் துடைத்து, முனைகளைக் கையால் அழுத்திக்கொண்டே போனார். எதற்கு என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. மாமனாருக்கே தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. விக்கவில்லை. நடுங்கவில்லை. பால் குடித்த பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டே நின்றது.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலி வந்து எதிரில் நிற்பது போல இருந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டாக்டரையும் அவர் வீட்டாரையும் அழைத்து வந்து காரைச் சுற்றி நிறுத்திப் பேசினார். காற்றும் எரிபொருளும் தீப்பொறியும் ஒரு குடும்பம் போல என்றார். ஒன்று முரண்டு பிடித்தால் மற்றவை தவிக்கும் என்றார்.

"கடைசியில கோளாறு எதுல சார் இருந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்படி ஒண்ணுன்னு சொல்ல முடியாது டாக்டர். பல காரணங்களோட கூட்டு விளைவு."

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமனார் மகிழ்ச்சியில் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். வெளிவேலை முடிந்தது, இனி வீட்டுக்குள் நிர்வாகத்தைச் சீர்படுத்த நேரம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய போரை முடித்த தளபதியைப் போலச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

சாயங்காலம், மறுநாளைக்கு வேண்டிய கோப்புகளைக் காரிலேயே வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். பானெட் திறந்திருந்தது. மாமியார், பால் பொங்குகிறதா என்று பார்ப்பவரைப் போல உள்ளே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் விரல்களுக்கு நடுவே ஒரு வயரின் முனை தொங்கியது.

"அத்தை?"

"மெதுவா பேசுங்க மாப்பிள்ளை. இப்பத்தான் கண்ணசந்திருக்கார்."

"அது என்ன வயர் அத்தை?"

"இன்ஜின் குளிர்ந்திருக்கா சூடா இருக்கான்னு காருக்குச் சொல்ற வயர். இதைக் கழட்டிட்டா, காருக்குத் தான் குளிர்ந்து கிடக்கிறதே தெரியாது. காலையில கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் குடிக்கணும் இல்லையா? அதைக் குடிக்காது. விக்கும், நின்னுடும். சூடாயிட்டா தானா சரியாயிடும். வேற ஒரு கெடுதலும் இல்ல."

மாப்பிள்ளை கோப்புகளைக் காரின் மேல் வைத்தார்.

"இதெல்லாம்... உங்களுக்கு யாரு..."

"கார் வாங்கின புதுசுல அவர்தான் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தா தினம் ஒரு பாகமா சொல்வார். சொன்னவர் மறந்துட்டார். நான் உட்கார்ந்து கேட்டவ."

அவர் வயரை யாருக்கும் தெரியாதபடி ஓரமாக ஒதுக்கிவிட்டு, பானெட்டைச் சத்தம் வராமல் சாத்தினார்.

"அத்தை, நாளைக்கு மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. என் நாற்காலி..."

மாமியார் அவரை நிஜமான பரிவோடு பார்த்தார்.

"அவரைக் காருகிட்ட விட்டுட்டு நீங்க பஸ்ல போயிடுங்க மாப்பிள்ளை. கார் சரியாயிட்டா அவர் மறுபடியும் என் சமையல்கட்டுக்கு வந்துடுவார்."